எர்த் வயரைப் பார்த்தாயா?

அன்புள்ள நண்பனுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு என்னைத் திட்டுவதென்றால் இந்த வரியிலேயே திட்டி முடித்துவிடு. மீதிக் கடிதத்தை உன்னைத் திட்டுவதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி வந்த இடத்திலேயே குடியிருக்கிறது. பெரியவளுக்கு வேலை மாற்றம், சின்னவனுக்கு மீசை. செய்தி முடிந்தது.

உன் தங்கை தொலைபேசியில் பேசினாள். நீ உன் அப்பாவின் பழைய காரை விற்கப் போகிறாயாம். அவள் சொன்ன காரணத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறதாம்! பேட்டரியை மாற்றினாயாம். சரியாகவில்லை என்று இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றினாயாம். அதன் பிறகு யாரோ ஒருவர் வந்து மூடியைத் திறந்து பார்த்து, "பழைய வண்டி சார், இனி இப்படித்தான்" என்று சொல்ல, நீயும் தலையாட்டிவிட்டாயாம். அரை மதிப்பெண்ணுக்காகத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து வாதாடிய அந்தப் பையன் எங்கே போனான்? ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டு உறுப்புகளை மாற்றியிருக்கிறாய்.

அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா? அல்லது வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதற்கு நேரமாகிறதா? இரண்டும் "ஸ்டார்ட் ஆக நேரமாகிறது" என்ற ஒரே புகாருக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள். முதலாவது மின்சாரம் போய்ச் சேராத பிரச்சினை. இரண்டாவது பெட்ரோலோ அதைப் பற்றவைக்கும் பொறியோ நேரத்துக்கு வராத பிரச்சினை. காதால் கேட்டாலே தெரியும். மூச்சு வாங்குவது போல் "உர்ர்... உர்ர்..." என்று இழுத்தால் முதல் வகை.

உன் தங்கை வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள். முதல் வகையேதான். ஆகவே நீ சந்தேகப்பட்ட இடம் சரி. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருப்பவற்றை நீயும் பார்க்கவில்லை, வந்தவரும் பார்க்கவில்லை.

கொஞ்சம் பொறுமையாகப் படி. பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு, இருநூறு ஆம்பியர் அளவில் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. வழியில் எங்காவது ஒரு பாழான இணைப்பு, நூறில் ஒரு பங்கு ஓம் தடை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள். சாதாரண நேரத்தில் அந்தத் தடை இருப்பதே தெரியாது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். ஆனால் 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். பன்னிரண்டில் ஒன்றரை! அப்படி இரண்டு இடம் இருந்தால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? நீ எத்தனை புது மோட்டார் வாங்கிப் போட்டாலும் அதே சோர்வான உறுமல்தான் கேட்கும். நம் பௌதிக வாத்தியார் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது நீ பின்பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதை இங்கே எழுதினால் உன் மகன் படித்துவிடுவான்.

என் வண்டியும் இதே நாடகத்தை ஆடியது. பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட், முழு சார்ஜ். எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மோட்டாரைக் குற்றம் சொன்னார்கள். சும்மா இருக்கும் பேட்டரியை அளப்பதில் பாதி உண்மைதான் கிடைக்கும். சுமை ஏறும்போது அளக்க வேண்டும். பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் உலோகத்தோடு சேர்த்துவிட்டால் இன்ஜின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அந்த நிலையில் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்ப்பில் அல்ல, கம்பத்திலேயே) மறு முள்ளை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்திலும் தொட்டேன். பையனைச் சாவி திருப்பச் சொன்னேன். 0.2, அதிகம் போனால் 0.3 காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. வழிப்பறி அந்தப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

யோசித்துப் பார், இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. மோட்டாருக்குள் போன அத்தனை ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்ப இன்ஜினிலிருந்து போகும் எர்த் வயரை, அதாவது அந்த எர்த் பட்டையை நம்பித்தான் இருக்கின்றன. என் வண்டியில் அந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட், பெயின்ட்டுக்கு அடியில் துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டினேன். செலவு ஒன்றும் இல்லை, கை கருத்ததைத் தவிர. இன்ஜின் சுற்றிய சுற்றைக் கேட்டு எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது.

இன்னொரு அடையாளமும் உண்டு, சுவையானது. எர்த் பட்டை கெட்டிருந்தால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் இவற்றின் வழியாகப் புகுந்து திரும்பும். கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்தபின் அந்தக் கேபிள்களைத் தொட்டுப் பார். சுட்டால் திருடனைப் பிடித்துவிட்டாய்.

பாசிட்டிவ் பக்கத்தையும் விட்டுவிடாதே. பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே, சுற்றும்போது, 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டெர்மினல், கேபிள், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டு மூன்றில் ஒன்று. பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவிலும் அள. சுற்றும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைக் குறை சொல்லலாம். அதுவும் முழு சார்ஜ் ஏற்றிய பிறகு அளந்திருந்தால் மட்டும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதே. நடுவில் மோட்டாருக்கு ஒரு நிமிடம் ஓய்வு கொடு, நீயும் மூச்சு விட்டுக்கொள்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். மெதுவாகச் சுற்றும் வண்டி பிடிப்பதிலும் தாமதம் செய்யும், ஏனென்றால் செல்ஃப் மோட்டாருக்கும் காயிலுக்கும் ஒரே பேட்டரிதான் சோறு போடுகிறது. மோட்டார் அத்தனையையும் இழுத்துக்கொண்டால் பொறிக்குப் பலம் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் பின்னால் இருப்பவர் ஒருவரே, சார்லஸ் கெட்டரிங். அவருடைய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. பாயிண்ட்டும் காயிலும் கொண்டு பொறி உண்டாக்கும் அந்தப் பழைய இக்னிஷன் முறைக்கும் அவர் பெயர்தான். அவர் வந்திராவிட்டால் நீ இன்றைக்கும் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றிக்கொண்டிருப்பாய், உன் இடுப்போடு.

இந்தப் பலவீனத்துக்காகவே பல பழைய வண்டிகளில் பலாஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒன்று வைத்தார்கள். ஓடும்போது காயிலுக்குக் குறைந்த வோல்ட் போகும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு பேட்டரியின் முழு பலமும் நேராகப் போகும். அந்தச் சுற்றுவழி அறுந்திருந்தால் இன்ஜின் சுற்றும்போது பிடிக்காது, நீ சலித்துப்போய்ச் சாவியை விடும் அந்த நொடியில் பிடிக்கும். மாறாக, ரெசிஸ்டரே போயிருந்தால் சுற்றும்போது பிடித்துவிட்டு, சாவியை விட்டதும் செத்துப்போகும். உன் வண்டி எந்தச் சேட்டையைச் செய்கிறது என்று கவனித்து எழுது. இது எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. அதற்காக உனக்கு அது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை.

உன் தங்கை இன்னொன்றும் சொன்னாள். சிக்னலில் ஒருநாள் வண்டி நின்றுபோய், பின்னால் ஹாரன் அலற, மகன் ஏதோ சொன்னானாமே. அதிலிருந்து நீ வண்டியை வெளியே எடுப்பதில்லையாம். வாரக்கடைசிக் கூட்டத்துக்கும் போவதில்லையாம். நம் கூட்டாளிகள் உருளையும் மீசையும் உன்னைக் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஏதாவது சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதில் நான் விளையாடவில்லை. ஓடாமல் நிற்கும் வண்டிக்குத்தான் இந்த நோய்களெல்லாம் சீக்கிரம் வரும். பேட்டரி தானாகவே வடியும். குறை சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு ஏற்றினாலும் முழுதாக ஏறாது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடும். அதை நிரப்பவே இன்ஜின் பல சுற்று சுற்ற வேண்டும், அதற்குள் பேட்டரி களைத்துவிடும். (ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினை நிறுத்திவைத்தபடியே ஆக்சிலரேட்டரை ஆட்டிப் பார். கார்புரேட்டரின் தொண்டைக்குள் பெட்ரோல் பீச்சினால் கிண்ணத்தில் இருக்கிறது. பீச்சாவிட்டால் அனேகமாக வறண்டு கிடக்கிறது.) ஆகவே நீ எடுக்காததால் அது மக்கர் செய்கிறது. மக்கர் செய்வதால் நீ எடுப்பதில்லை. பேட்டரி மாற்றியும் தீராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மகன் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு அப்பாவின் வண்டியை விற்காதே. பிள்ளைகள் நம்மிடம் அப்படித்தான் பேசுவார்கள். நீ உன் அப்பாவிடம் இதே வண்டியைப் பற்றிப் பேசியதற்குச் சாட்சி நான்.

உண்மையிலேயே விற்க வேண்டும் என்று தோன்றினால் விற்றுவிடு. பணம் வேண்டுமென்றாலோ கண் சரியில்லை என்றாலோ நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரு போல்ட்டின் துருவுக்காக விற்காதே என்றுதான் சொல்கிறேன்.

மூன்று அளவுகளை எடுத்து எழுது: நெகட்டிவ் கம்பம் முதல் பிளாக் வரை, பாசிட்டிவ் கம்பம் முதல் மோட்டார் வரை, பேட்டரியின் இரு கம்பங்களுக்கு நடுவே. மூன்றும் இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். இன்ஜின் பிடித்து ஓடும்போது ஒரு தரம் பேட்டரியை அள. பதினான்கை ஒட்டி வந்தால் சார்ஜ் ஏறுகிறது. அந்த எண்கள் வரும்வரை வாங்க வருகிறவனிடம் வண்டி ஊரில் இல்லை என்று சொல்லிவிடு.

உன் தங்கையைக் கேட்டதாகச் சொல். அவள் செய்து காட்டிய இன்ஜின் சத்தம் உன் மெக்கானிக்கின் நோயறிதலைவிட நம்பகமானது.

என்றும் உன்,
பின்பெஞ்சுக்காரன்

பி.கு.: எர்த் பட்டையைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் பாடியில் பட்டால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உருளையின் மோதிரத்தைக் கேள். உன் மோதிரத்தையும் கழற்றி வை.