வடக்குக் குப்பங்களுக்கு மணலைத் திருப்பித் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியின் வடக்கே எங்கள் மீனவர் குப்பமான சோலை நகரில் அலை வீட்டுவாசல் வரை ஏறிவிட்டால் சில நாட்களில் லாரியில் கருங்கல் வந்து இறங்குகிறது. அதிகாரிகள் பார்வையிடுகிறார்கள். கல்லைக் கொட்டி முடித்ததும் பிரச்சினையும் தீர்ந்ததாகக் கணக்கு. கல்லே கொட்டாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சுவர் விழப் போகிற வீட்டுக்காரரிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் எங்களிடமிருந்து போனது மணல். அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

நான் பிறந்தது வைத்திக்குப்பம், வாழ்க்கைப்பட்டது சோலை நகர். அம்மா கருவாடு காயவைத்ததெல்லாம் கடற்கரை மணலில்தான். கரைவலை இழுக்க ஆட்கள் இரண்டு வரிசையாக நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. இன்று நாங்கள் தெருவோரம் சாக்கு விரித்துக் கருவாடு போடுகிறோம். வண்டி போகும்போதெல்லாம் புழுதி படிகிறது. தட்டித் தட்டி எடுத்துத்தான் கூடையில் போட வேண்டும். ஃபைபர் படகுகளைச் சந்துக்குள் ஏற்றி வீட்டுச் சுவரோரம் நிறுத்துகிறார்கள். கல்லிடுக்கு வழியாகப் படகை இறக்கினால் அடிப்பாகம் உரசிக் கீறுகிறது. அந்தக் கற்களில் பாசியும் கத்திபோல் கூரான சிப்பி ஓடும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரரின் இரண்டு கணுக்காலிலும் அது கிழித்த தழும்புகள் இருக்கின்றன. வலை அதில் மாட்டினால் முழுதாக வெளியே வராது. கரைவலைத் தொழில் எங்கள் பக்கம் பழங்கதையாகிவிட்டது.

மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் வருகிறார்கள். எத்தனையோ ஊர் ஜனங்கள் கூடும் அந்தக் கரையில் நிற்க இடம் குறுகிக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது, அங்கே பிறந்தவளுக்கு மனசு ஆறவில்லை.

கடல் ஏன் உள்ளே வருகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. சோழகம் என்னும் தென்காற்று அடிக்கும் மாதங்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடையில் கொஞ்சம் திரும்பும். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். அவற்றுக்குத் தெற்கே மணல் தேங்கியது, வடக்கே வரத்து நின்றது. முதலில் நகரத்துக் கடற்கரை போயிற்று. பிறகு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். ஓர் ஊரில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. தந்திராயன்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார், "உங்க ஊர்க் கல்லுதான் எங்க வீட்டை வாங்குது" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அவர் சொல்வதில் என்ன தப்பு?

தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் துறைமுகத் திட்டத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது. சுவர் மட்டும் நிலைத்தது. மணல் அனுப்பும் வேலை தொடர்ந்து நடக்கவில்லை. கரை மீளவே மீளாது என்று கைவிரிப்பவர்களையும் நான் ஏற்கமாட்டேன். 2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்புக் கட்டமைப்பு ஒன்றை இறக்கினார்கள். காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பி வந்ததை ஊரே பார்த்தது. எங்கள் பிள்ளைகளும் அங்கே போய்த்தான் விளையாடுகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிழைப்புக்குக் கரை வேண்டியவர்கள் வடக்கே இருக்கிறோம்.

இன்னொரு பக்கம், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் அதே அரியாங்குப்பம் முகத்துவாரம் மணல் தட்டித் தூர்ந்துபோகிறது. படகு தரைதட்டுகிறது, அலையில் கவிழ்கிறது. அங்கே உயிருக்கு உலை வைக்கும் அதே மணல், சில கிலோமீட்டர் வடக்கே வந்தால் எங்கள் வீடுகளைக் காப்பாற்றும்.

எனவே முகத்துவாரம் தூர்ந்து மீனவர்கள் மறியல் செய்த பிறகு அவசரத்துக்குத் தூர்வாருவதை விட்டுவிட்டு, ஆண்டுதோறும் வேலை நடக்கும்படி பட்ஜெட்டில் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். அள்ளும் மணல் விற்பனைக்கோ பள்ளம் நிரப்பவோ போகக் கூடாது. புதுச்சேரி அரசும் தமிழக அரசும் சேர்ந்து உட்கார்ந்து பொம்மையார்பாளையம் வரை ஒரே திட்டமாகப் போட வேண்டும். அடுத்த முறை டெண்டர் விடும்போது, எவ்வளவு மணல், எந்தக் குப்பத்துக் கரையில், எந்த மாதத்தில் கொட்டப்பட வேண்டும் என்பதை டெண்டரிலேயே எழுதுங்கள். அதன் நகலை ஒவ்வொரு குப்பத்துப் பஞ்சாயத்திலும் ஒட்டுங்கள். கொட்டினார்களா இல்லையா என்பதைக் கரையில் நின்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மீனவர் குடும்பத்து வாசகி,
சோலை நகர், புதுச்சேரி.