உப்பிலிக்கு ஒரு விள்ளல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை தனியே பேசிச் சிரிப்பது நோயின் அறிகுறியா என்று ஒரு தாய் கேட்டிருந்ததைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 27 ஆண்டுகள் அங்கன்வாடியில் பணியாற்றியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் மையத்துக்கு வந்த நான்கரை வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி ஒருவன் இருந்தான். பெயர் உப்பிலி, குடியிருப்பு, வீட்டுப் பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லுக்குப் பின்புறம். சத்துமாவு உருண்டையைக் கொடுத்தால் ஒரு விள்ளலைக் கிள்ளித் தட்டோரம் வைத்து, உப்பிலி தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அதையும் தானே எடுத்துத் தின்பான். ஒருநாள் உப்பிலிக்கும் சேர்த்து நான் பாய் விரிக்கப் போனபோது, என் காதருகே வந்து, "டீச்சர், அவன் நெசமா இல்ல, சும்மா வெளையாட்டுக்கு" என்று மெல்லச் சொன்னான்.

இத்தகைய குழந்தைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஓரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லர் கண்டதும் இதுவே: தம் தோழன் கற்பனைதான் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரியும். அவர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உயிருள்ளவையாகப் பாவித்த பொம்மைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏழு வயதுக்குள் 65 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அப்படியொரு துணை இருந்திருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்காமல் சண்டைக்கு நிற்கும் துணைகளும் உண்டு, அதுவும் விளையாட்டே.

ஆனால் அந்தச் சிறுவனின் வீட்டார் காற்றுக் கருப்பு என்று பயந்து அவனைக் கோடங்கியிடம் கொண்டுபோனார்கள். வேப்பிலை அடியும் தாயத்துமாகத் திரும்பி வந்தவன், அதன்பிறகு தட்டோரம் எதையும் வைக்கவில்லை. பின்கட்டுப் பக்கம் போக மறுத்தான். "உப்பிலி கோவமா இருக்கான்" என்றான். அதுவரை தோழனாக இருந்தவனைப் பேயாக்கியவர்கள் பெரியவர்கள்.

பூச்சாண்டியும் அஞ்சு கண்ணனும் இப்படி வந்தவர்கள்தாம். குழந்தைக் கண்ணபிரான் அப்பூச்சி காட்டியதை, அதாவது பயமுறுத்தி விளையாடியதை, பெரியாழ்வார் பாடியது விளையாட்டாகத்தான். நாமோ ஒரு கவளச் சோறு இறங்குவதற்காகக் காட்டுகிறோம். தானே உண்டாக்கிய பயத்தைக் குழந்தை தானே விரட்டிவிடும். அம்மாவே "இருக்கிறான்" என்று சாட்சி சொன்ன பூச்சாண்டியை அது எப்படி விரட்டும்?

தூக்கம் கெடும் அளவுக்குப் பயந்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி யாரோ சொல்வதாகக் கூறினாலோ, மற்றப் பிள்ளைகளோடு சேரவே மறுத்தாலோ, குழந்தைநல மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும், கோடங்கியிடம் அல்ல.

அந்தச் சிறுவன் என் காதில் சொன்னதை அவன் தாயிடம் நான் உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. எடையும் தடுப்பூசியும் பேசப்படும் அங்கன்வாடித் தாய்மார் கூட்டங்களில் இதற்கும் அரைமணி நேரம் ஒதுக்குமாறு துறை அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.