பழைய பேஜ்மேக்கர் ஃபைலை மறுபடி டைப் செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய கம்ப்யூட்டரை மாற்றுங்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பழைய பேஜ்மேக்கர் (அச்சுக்குப் பக்கம் கட்டும் மென்பொருள்) ஃபைல்களைப் புது மெஷினில் திறக்க முடியாது, திரும்ப டைப் செய்வதுதான் ஒரே வழி என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் 23 வருடமாக டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். காதணி விழா, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக மலர் என்று எல்லாமே பல காலம் பேஜ்மேக்கரில்தான் ஓடியது. எழுத்து பாமினி மாதிரியான பழைய ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும், புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இப்போது எல்லா மெஷினிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்ற இலவச கன்வர்ட்டர்கள் இருக்கின்றன. அவை எழுத்தை மாற்றிக் கொடுக்கும். இரண்டு பத்தி, நடுவில் கோபுரப் படம், ஓரத்தில் பூ பார்டர் என்று நாம் கட்டி வைத்த பக்கத்தை மாற்றிக் கொடுக்காது. பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் திறக்கலாமே என்பார்கள். அதன் சி.எஸ். 6 பதிப்பு வரைக்கும் திறந்தது, அதற்கு அப்புறம் வந்தவற்றில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒரு மழைக்காலத்தில் உயிரை விட்டபோது, என் தங்கை மகன்தான் சொன்னான்: "பெரியம்மா, அந்தக் கம்ப்யூட்டரையே புதுசுக்குள்ள வெச்சுடலாம்." அவன் போட்டுத் தந்தது வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். 2007-லிருந்து இருக்கிறது, காசு கிடையாது. என்னிடம் இருந்த எக்ஸ்பி சிடியை வைத்து, உள்ளே ஒரு மெய்நிகர் கணினியை (மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டரை) உண்டாக்கி, 8 ஜிபி ராமில் 1 ஜிபியை அதற்குப் பிரித்துக் கொடுத்தான். எக்ஸ்பி-க்கு அதுவே தாராளம். விண்டோஸ் 11 திரையில் ஒரு ஜன்னல், அதற்குள் பழைய பச்சை மேடும் நீல வானமும் வந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு வயிற்றெரிச்சல். முதலில் இதை ஓட்டியபோது விடி-எக்ஸ் (மெய்நிகர் கணினியை ஓட்டப் பிராசசரில் இருக்கும் வசதி) இல்லை என்று எரர் வந்தது. மெஷினை விற்ற கடையில் கேட்டால், மதர்போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். மெஷினை ஆன் செய்யும்போதே திறக்க வேண்டிய பையோஸ் செட்டிங்குக்குள் போய் 'வர்ச்சுவலைசேஷன்' என்பதை ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பல மெஷின்களில் அது ஆஃப் ஆகித்தான் வருகிறது. பையன் இரண்டு நிமிடத்தில் முடித்தான்.

ஓட்டுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். முதல் நாள் மவுஸ் அந்த ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் தவித்தேன்; வலது பக்க கன்ட்ரோல் கீயைத் தட்டினால் விட்டுவிடும். ஜன்னலை மூடும்போது மூன்று வழி கேட்கும். நான் எப்போதும் 'சேவ்' கொடுப்பேன். மறுநாள் திறந்தால் நேற்று விட்ட வார்த்தையின் நடுவிலேயே கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும். 'பவர் ஆஃப்' என்பது கரண்டைப் பிடுங்குவது மாதிரி, அந்தப் பக்கமே போவதில்லை. நெட்வொர்க்கையும் அணைத்து வைத்திருக்கிறேன். எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுவிட்டது, அதைக் கொண்டுபோய் இன்டர்நெட்டில் விடக் கூடாது. பிரிண்டுக்கு, எக்ஸ்பி-யிலேயே இருக்கும் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைப் போட்டு ஃபைலாக அடித்து, வெளியே விண்டோஸ் 11-இல் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கி பிரஸ்ஸுக்கு அனுப்புகிறேன்.

ஸ்னாப்ஷாட் விஷயத்தில் மட்டும் சூடு பட்டுவிட்டேன். எல்லாம் நன்றாக இருக்கும்போது ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், கெட்டுப்போகும்போது அந்த நிலைக்கே திரும்பலாம். ஒரு கஸ்டமர் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறியது. பதற்றப்படாமல் 'ரீஸ்டோர்' அடித்தேன். இப்போது இருக்கும் நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. எதற்கு இடத்தை அடைப்பானேன் என்று அந்த டிக்கை எடுத்துவிட்டேன். வைரஸ் போயிற்று. மூன்று நாள் உட்கார்ந்து கட்டிய மலரின் 46 பக்கமும் கூடவே போயிற்று. அதை எக்ஸ்பி-யின் டிரைவுக்குள்ளேயே வைத்திருந்தது என் தப்பு. இப்போது வேலை முழுவதும் 'ஷேர்டு ஃபோல்டர்' (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஃபோல்டர்) வழியாக வெளியே விண்டோஸ் 11-இன் டிஸ்கில் இருக்கிறது. ரீஸ்டோர் அதைத் தொடாது.

போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 2005-இல் போட்ட தலவரலாற்றை இரண்டே திருத்தத்தோடு மறுபதிப்பு போட வேண்டும் என்று சிடியோடு வந்தார். 112 பக்கம். வேறொரு இடத்தில் புதிதாக டைப் செய்ய ஒரு மாதம் கேட்டார்களாம். ஃபைலை உள்ளே திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் திருத்தி, காபி ஆறுவதற்குள் முடித்தோம்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். எங்கள் தெருக்கோடியில் பிரஸ் வைத்திருந்த பெரியவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, இரண்டு பெட்டி சிடியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வாசலில் வைத்திருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், பேப்பரில் வந்தால் கேட்பார்.

இப்படிக்கு,
டி.டி.பி. சென்டர் நடத்தும் ஒரு வாசகி,
மன்னார்குடி