நிக்கல்பேக்குக்கும் மதுரைக்கும் என்ன பகை?

கல்லூரிக் கலைவிழாவில் இசைக்குழுப் போட்டி நடத்தும் மாணவர் குழுவினருக்கு,

அன்புள்ள தம்பி, பாப்பாக்களே, வணக்கம்.

இந்த வருஷமும் உங்கள் விழாவுக்கு மைக்செட் என்னுடையதுதான். அட்வான்ஸோடு போட்டி விதிமுறைத் தாளையும் கொடுத்து அனுப்பியிருந்தீர்கள். எத்தனை குழு, எத்தனை கிதார், கீபோர்டு உண்டா இல்லையா என்று பார்க்கத்தான் பிரித்தேன். ஏழாவது விதியைத் தாண்ட முடியவில்லை. நிக்கல்பேக், கிரீட், லிங்கின் பார்க், கோல்ட்பிளே ஆகிய ஆங்கிலத்தில் பாடும் ராக் குழுக்களின் பாடல்களை வாசிக்கக் கூடாது, மீறினால் தகுதி நீக்கம் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழேயே, லெட் செப்பலின், பிளாக் சபாத், குயின் போன்ற தரமான ராக் வரவேற்கப்படும் என்று ஒரு வரி. எட்டாவது விதியில் குத்து, கானா, நையாண்டி மேள பாணி தவிர்க்கப்பட வேண்டுமாம்.

ஸ்பீக்கர் கட்டுகிற ஆளுக்கு இதில் என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். மைக்செட்டுக்கு வருவதற்கு முன்னால் டவுன்ஹால் ரோடு பக்கம் எனக்கு ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்றுக் கேசட்டையும், நோட்டில் கிழித்த தாளில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் பதிந்து வைப்போம். (அதெல்லாம் சட்டப்படி சரியா என்று இப்போது ஆரம்பிக்காதீர்கள்.) ஊர் எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதாகச் சொல்லிக்கொள்கிறது, இரண்டும் எனக்குத் தெரியும். மெடிக்கல், இன்ஜினியரிங் மாணவர்கள் கொண்டு வரும் பட்டியலில் மேலே பிங்க் ஃப்ளாய்ட், டீப் பர்ப்பிள் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தாளின் அடியில், பொடி எழுத்தில் போனி எம், அப்பா (ABBA என்ற குழு), பான் ஜோவி. "இது தங்கச்சிக்குண்ணே" என்பார்கள். அவ்வளவு தங்கச்சிகள் இருந்த ஊர் மதுரை. அந்தத் தங்கச்சி கேசட்டுகள்தான் தேய்ந்துபோய், திரும்பப் பதியச் சொல்லி அடிக்கடி வரும். பிங்க் ஃப்ளாய்ட் கேசட் புத்தம் புதுசாகவே இருக்கும்.

ஆகவே, பிடிக்காது என்று ஒருவர் சொல்லும்போது, அது காதுக்குப் பிடிக்காததா, கூட இருப்பவர்கள் முன்னால் பிடிக்காததா என்று பார்ப்பது எனக்குத் தொழில் பழக்கம்.

நிக்கல்பேக்கையே எடுத்துக்கொள்வோம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹன்னா என்ற சின்ன ஊரிலிருந்து 1995இல் கிளம்பிய குழு. அவர்களைப் பெரிய ஆளாக்கிய மூன்றாவது ஆல்பம் 2001 செப்டம்பர் 11 அன்று, ஆமாம், அதே நாளில்தான் வந்தது. அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்க வானொலியை விட்டு இறங்க மறுத்தது. இதுவரை ஐந்து கோடிக்கு மேல் ஆல்பங்கள் விற்றிருக்கிறார்கள். 2011இல் டெட்ராய்ட்டில் ஒரு அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் இடைவேளையில் இவர்கள் வாசிக்கக் கூடாதென்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதையும் மீறி வாசித்துவிட்டுத்தான் போனார்கள்.

அமெரிக்கர்களுக்கு அப்படி என்ன கோபம்? பாதிக் காரணம் பாட்டில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1996இல் அங்கே தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, ஒரே கம்பெனி நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்னால் அதற்கொரு உச்சவரம்பு இருந்தது. சில வருஷங்களில் கிளியர் சேனல் என்ற ஒரு கம்பெனி கையில் மட்டும் 1,200 நிலையங்களுக்கு மேல் சேர்ந்தன. முன்பு ஊருக்கு ஊர் உட்கார்ந்து தட்டு மாற்றிய ஆட்கள் போனார்கள், ஊருக்கு ஊர் ஒரே பட்டியல் வந்தது. டெட்ராய்ட்காரர் காரில் ஏறினாலும், முடிவெட்டப் போனாலும், பெட்ரோல் போட நின்றாலும் அதே பாட்டு. எழுபதுகளில் டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் இதைக் கோடு போட்டே காட்டியிருக்கிறார்: கேட்கக் கேட்கப் பிடித்தம் ஏறும், ஓர் அளவைத் தாண்டினால் இறங்கும். கேசட் கடைக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சிடி வந்து, எம்பி3 வந்து, ஆள் வராமல் போன கடையில் மதியப்பொழுது ரொம்ப நீளம்.

சரி, மதுரையில் யார் போட்டார்கள் நிக்கல்பேக்கை? நம்ம எஃப்எம்களில் அன்றும் சினிமாப் பாட்டு, இன்றும் சினிமாப் பாட்டு. ஷேர் ஆட்டோவில் கேட்டீர்களா, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டீர்களா? உங்களில் பலர் அந்தக் குழுவின் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். கேலிப் படங்களைத்தான் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் விருந்தில் அளவு தெரியாமல் சாப்பிட்டதற்கு நாம் ஏன் ஓமத் திராவகம் குடிக்க வேண்டும்?

சொந்தமாக வெறுக்க மதுரையில் எவ்வளவோ காரணம் உண்டு. கல்யாண மண்டபத்துக்கு எதிரே குடியிருப்பவர் முகூர்த்த மாதத்தில் "மணமகளே மருமகளே வா வா" பாட்டை வெறுத்தால் நான் தலைகுனிந்து ஒத்துக்கொள்வேன். 2000இல் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் வருவதற்கு முன்னால், ஆடி மாதம் விடியற்காலையிலேயே குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டைப் போட்டிருக்கிறோம். அந்தத் தெருக்காரர் ஒருவர் ஈஸ்வரி அம்மாவின் குரலே ஆகாது என்றால், அது அவர் தூக்கத்தைக் கொடுத்துச் சம்பாதித்த வெறுப்பு.

அடுத்து, வரவேற்கப்படும் வரிசை. லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969இல் வந்தபோது அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் அதை மட்டம் தட்டித்தான் எழுதியது. அடுத்த வருஷம் பிளாக் சபாத்துக்கும் அதே மரியாதை. 1979இல் குயினின் ஓர் ஆல்பத்துக்கு வந்த மதிப்புரையில் பாசிச ராக் குழு என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குயினின் பாடகர், நம்ம மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிக்கூடம் படித்த பார்சிப் பையன் ஃப்ரெடி மெர்க்குரி 1985இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இருபது நிமிஷம் பாடியதை இன்றைக்கும் ராக் மேடைக்கு இலக்கணமாகக் காட்டுகிறார்கள். அந்த விமர்சகர்களை நடுவர்களாகப் போட்டு 1970இல் உங்கள் போட்டி நடந்திருந்தால் சபாத் ஏழாவது விதியில் இருந்திருக்கும்.

கிரீட் கதை இன்னும் வேடிக்கை. 1999இல் வந்த அவர்களின் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பிறகு அந்தப் பேரைச் சொன்னாலே சிரிப்பார்கள் என்ற நிலை. 2023இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் என்ற பேஸ்பால் அணி உடைமாற்றும் அறையில் கிரீட் பாட்டைப் போட ஆரம்பித்தது, மைதானமே சேர்ந்து பாடியது, அந்த வருஷக் கோப்பையும் அவர்களுக்குத்தான். அடுத்த வருஷம் குழு மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது. பாட்டில் ஒரு நோட்டுகூட மாறவில்லை. 1999இல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு நாற்பது வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

லிங்கின் பார்க்கை நீங்கள் சேர்த்ததுதான் எனக்குப் புரியவே இல்லை. 2017 ஜூலையில் அந்தக் குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்தபோது இதே கல்லூரியின் அன்றைய மாணவர்கள் கண் சிவக்க வந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் கேட்டார்கள். வாடகை வாங்க மனசு வரவில்லை. அவர்களுக்கு உயிராக இருந்தது, உங்களுக்குத் தகுதி நீக்கம். கோல்ட்பிளே பற்றி எனக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. 2025 ஜனவரியில் அகமதாபாத் மைதானத்தில் இரண்டு ராத்திரி வாசித்தார்கள், அலையலையாகக் கூட்டம் போனது. எனக்குக் கொட்டாவி வரும். அதற்காக மேடையில் பிளக்கைப் பிடுங்குவேனா?

நம்ம பக்கமே வாருங்கள். 1976இல் அன்னக்கிளி வந்தபோது, பண்ணைப்புரம் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. நம்ம மாவட்டத்துக்காரர் இசையமைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, வயல்காட்டுத் தெம்மாங்கையெல்லாம் சினிமாவில் கொண்டுவந்துவிட்டார் என்று மூக்கைச் சுளித்த பெரியவர்களும் உண்டு. அந்தப் பெரியவர்களோடு மல்லுக்கு நின்ற ராஜா ரசிகர்கள், 1992இல் ரோஜா கேசட் வந்ததும் என் கடை வாசலில் நின்று சொன்னது: "கம்ப்யூட்டர் சத்தம்ணே, ஒரு வரி விளங்குதா?" ரகுமான் ரசிகர்கள் இன்று அனிருத்தைப் பற்றிச் சொல்வதும் எழுத்து மாறாமல் அதுவேதான். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்டதுதான் மனிதருக்கு ஆயுசுக்கும் ஒட்டுகிறது என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். அதனால் எல்லாத் தலைமுறைக்கும் தனக்குப் பிறகு வந்தது இரைச்சல். ஆனால் காலம் பாட்டை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது யாருக்கும் தெரியாது. 1995இல் அசுரன் என்ற படத்துக்கு ஆதித்யன் போட்ட "சக்கு சக்கு வத்திக்குச்சி"யை ஊரே மறந்திருந்தது. 2022இல் விக்ரம் படத்தில் ஒரு சண்டைக்கு நடுவே ஓடவிட்டார்கள். அந்த வருஷம் நான் பாக்ஸ் இறக்கிய காதுகுத்தில், சடங்கில் எல்லாம் அதைக் கேட்டார்கள். கேட்டதெல்லாம் 1995இல் பிறந்திராத பிள்ளைகள்.

தடை போட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கியது. சுமார் முப்பது வருஷம் கழித்துத்தான் கதவைத் திறந்தது. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று வானொலியிலிருந்து கிட்டத்தட்ட விரட்டியே விட்டார். ஜனங்கள் ரேடியோ சிலோனுக்கு முள்ளைத் திருப்பினார்கள். நம்ம தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் கேட்கும், கேட்க வேண்டுமா! கடைசியில் 1957இல் விவித் பாரதி தொடங்கி, விரட்டிய பாட்டை அரசாங்கமே திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. உங்கள் ஏழாவது விதி எனக்குக் கேஸ்கரைத்தான் ஞாபகப்படுத்தியது. அவராவது சாஸ்திரிய சங்கீதம் வளரட்டும் என்று செய்தார்.

எட்டாவது விதிக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவில், ஒரு பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ பிடிக்காத ராக் வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் ஒரு கூத்து நடத்தினார். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட். சேர்ந்த தட்டுகளை நடு மைதானத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போனது. அங்கே வாசலில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் ஒன்றைக் கவனித்தார்: வந்து விழுந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள். டிஸ்கோவைக் கறுப்பர்களும் ஓரினச்சேர்க்கையாளர்களும் வளர்த்தார்கள். பாட்டைச் சாக்காக வைத்து யாரைக் கொளுத்த நினைத்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சில வருஷங்களில் அதே சிகாகோவில், அதே லாரன்ஸ் போன்றவர்கள் கையில், ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது.

நையாண்டி மேளமும் கானாவும் வேண்டாம் என்று நீங்கள் எழுதும்போது, சத்தத்தையா வேண்டாம் என்கிறீர்கள்? சத்தம் வேண்டாதவர்கள் பிளாக் சபாத்தை வரவேற்க மாட்டார்களே. "அது லோக்கலா இருக்கும்ணே" என்று உங்களில் ஒரு தம்பி போனில் சொன்னார். லோக்கல் என்றால் எந்தத் தெரு, எந்தச் சனம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நிக்கல்பேக்கை அமெரிக்காவில் கேட்பவர்கள் சின்ன ஊர்க்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் என்று அங்கே படித்தவர்கள் சிரிப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

மதுரைக்கு இந்தச் சுத்தம் பார்க்கும் வழக்கம் ஒட்டாது. மதுரை மணி ஐயர் கச்சேரியில் இங்கிலீஷ் நோட்டு என்று ஒன்று பாடுவார், அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் வெள்ளைக்கார பேண்டு மெட்டுப் பாணியில் சங்கராபரணத்தில் அமைத்தது. ரசிகர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். அந்தப் பெரிய வித்வானுக்கு இல்லாத தீட்டு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே ஏழையும் எட்டையும் அடித்துவிடுங்கள். நிக்கல்பேக் வாசிக்கிற குழு சரியாக வாசிக்காவிட்டால் மார்க்கைக் குறையுங்கள், நடுவர் எதற்கு இருக்கிறார்? அதே நேரம், முடிந்தால் போட்டிக்கு வராத ஒரு நையாண்டி மேளக் குழுவைக் கடைசியில் அரை மணி நேரம் வாசிக்கக் கூப்பிடுங்கள். சம்பளம் பேசிக் கூப்பிடுங்கள், சாப்பாடும் பஸ் காசும் மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உறுமிக்கு மைக் வைப்பது டிரம்ஸ் கிட்டைவிடச் சிரமம். இழுக்கிற பக்கத்துக்கு ஒன்று, அடிக்கிற பக்கத்துக்கு ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் ஊளையிடும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், கூடுதல் வாடகை வேண்டாம்.

திருத்திய தாளை விழாவுக்கு நாலு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். குழு வரிசைப்படி மிக்சரில் சேனல் ஒதுக்க வேண்டும். சவுண்ட் செக் காலை எட்டு மணிக்கு. போன வருஷம் மாதிரி பதினோரு மணிக்குக் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து "அண்ணே, மானிட்டர்ல ஒண்ணும் கேக்கல" என்று நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைக்செட்காரர்,
மதுரை