சென்னை ஏரிகளில் தூண்டில் போட ஒரு நாள் சீட்டு: மீன்வளத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
நந்தனம், சென்னை.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் எந்த ஏரியில், எந்தக் கரையில், எந்த மாதங்களில் ஒரு சாதாரண ஆள் தூண்டில் போடலாம் என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். அந்த இடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு நாள் சீட்டு கொடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இது ஏன் வேண்டும், எப்படி முடியும் என்ற விளக்கம். அவசர வேலை இருக்கும் அதிகாரிகள் இத்துடன் நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

பொங்கல் விடுமுறைக்குத் திருநெல்வேலியில் இருந்து குடும்பத்தோடு வருவதாக என் சித்தப்பா மகன் தொலைபேசியில் சொன்னான். கடற்கரை, கண்காட்சி எல்லாம் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டதாம். "அண்ணே, உங்கள் ஊரைச் சுற்றி ஏரிக்குப் பஞ்சமே இல்லையே, இரண்டு நாள் தூண்டில் போடுகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள்" என்றான். தாமிரபரணியில் தூண்டில் பிடித்து வளர்ந்தவன். அவன் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைத்தார்கள். அந்த ஏரிகளுக்கு நடுவில்தான் இந்த நகரம் வளர்ந்தது. சிலவற்றின் மேலேயே வளர்ந்தது. தியாகராய நகர் இருக்குமிடத்தில் 1920களில் தூர்க்கப்பட்ட பெரிய ஏரி ஒன்று இருந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976 முதல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அதற்குப் பிறகும் மிஞ்சியவை போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன.

காகிதத்தில் திட்டம் போடுவது எளிதாகவே இருந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, தண்ணீர் இன்னும் குறையாமல் இருக்கும் தை, மாசி மாதங்கள்தான் நம் பக்கத்து ஏரிகளுக்கு நல்ல காலம். பங்குனி வெயில் ஏறிவிட்டால் விடியற்காலையை விட்டால் மாலைதான். முதல் நாள் பூண்டி: சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. மீன் கடிக்காத நடுப்பகலில் பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே பழங்கற்கால அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் நாள் பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம்: 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி. குழந்தைகளுக்குத் தக்கை கட்டிய சின்னத் தூண்டிலும் மண்புழுவும் போதும், ஜிலேபிக் கெண்டை ஏமாற்றாது. பெரியவர்கள் மைதா உருண்டை வைத்து ரோகுவுக்கும் மிர்காலுக்கும் காத்திருக்கலாம். கட்லா கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் தூண்டில்காரன் மனத்தில் இருப்பது விரால். காற்றில் மூச்சு வாங்கும் மீன் அது. ஆகாயத்தாமரை ஓரத்திலோ அல்லி இலைகளுக்கு நடுவிலோ வந்து, ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு முழுகும். அந்தச் சின்னச் சலனத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, முள் பொருத்திய ரப்பர்த் தவளையை அதற்கு அப்பால் எறிந்து, இலைகளின் மேலே நிறுத்தி நிறுத்தி இழுத்து வர வேண்டும். இலை வெடித்தது போல் தண்ணீர் எழும்பும். அந்த நொடியில் கை பதறி இழுத்தால் தவளை மட்டும் வெறுமனே திரும்பி வரும். அது கவ்வித் தலையைக் கீழே திருப்பும் வரை பொறுத்துத்தான் சுண்ட வேண்டும். இந்தப் பொறுமையைப் பதினான்கு வயதுப் பையனுக்குக் கைப்பேசி இல்லாமல் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

ரயில் நேரம், மீன், இரை எல்லாம் முடிவான பிறகுதான் கேள்வி வந்தது. யாரிடம் அனுமதி வாங்குவது?

ஏரி நீர்வளத்துறையுடையது. குடிநீர் எடுக்கும் ஏரியானால் குடிநீர் வாரியத்துக்கும் அதில் சொல் உண்டு. மீன் பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போயிருக்கும்: ஓர் ஏரியில் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கம், இன்னொன்றில் ஏலம் எடுத்தவர். கரையில் நடைபாதையும் வேலியும் போட்டது வேறோர் அமைப்பு. சின்ன ஏரியானால் ஊராட்சி. ஒவ்வோர் இடத்திலும் கேட்டால் அடுத்த இடத்தைக் கை காட்டுகிறார்கள். "போடக் கூடாது" என்று எழுத்தில் காட்டவும் யாரும் இல்லை. "போடலாம்" என்று எழுதித் தரவும் யாரும் இல்லை.

ஆனால் ஏரிக்கரையில் நிலைமை இவ்வளவு குழப்பமாக இல்லை. பெயர் வேண்டாம், ஒரு புறநகர் ஏரி. காலை ஆறரை மணிக்குப் பையைக் கீழே வைத்ததுமே ஒருவர் மொபெட்டில் வந்தார். ஏலம் எடுத்தவரின் ஆள். பையைத் திறக்கச் சொல்லி வலை இருக்கிறதா என்று பார்த்தார். தூண்டில் மட்டும்தான் என்றதும் முகம் இளகியது. "ஆளுக்கு ஐம்பது ரூபாய். பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அந்த மதகுப் பக்கம் போகாதீர்கள், பள்ளம்." பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ரசீது கேட்டவர்களை அவர் எப்படிப் பார்ப்பார் என்று சோதிக்க நான் விரும்பவில்லை. யோசித்துப் பாருங்கள். கட்டணம், நேரம், ஆபத்தான இடம் பற்றிய எச்சரிக்கை, வலைக்குத் தடை என்று நான் உங்களிடம் கேட்கும் நாள் சீட்டு முழுவதும் அந்த மனிதர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் முத்திரையும் கணக்கும்தான் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடும் அல்ல. நீலகிரியில் விலங்குகளையும் மீன்களையும் காக்க 1879இலேயே தனிச் சட்டம் வந்தது. டிரௌட் மீனைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து, உரிமம் வாங்கித் தூண்டில் போடும் முறை அங்கே வெள்ளைக்காரர் காலத்தில் இருந்தது. மும்பையில் பவாய் ஏரிக்கரையில் தூண்டில்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அந்த ஏரியில் முதலை வேறு உண்டு! அவ்வளவு தூரம் போவானேன்? சேத்துப்பட்டு ஏரியை உங்கள் துறையே பூங்காவாக்கி 2016இல் திறந்தபோது படகுச் சவாரியோடு தூண்டில் போடவும் இடம் வைத்தீர்கள். ஆக, கொள்கையில் உங்களுக்குத் தடை இல்லை. ஆனால் சேத்துப்பட்டு சுமார் 16 ஏக்கர். ஒரு கோடி பேர் வாழும் பெருநகரத்தின் தூண்டில் ஆசையை அந்த ஒரு கரை தாங்காது.

மறுப்புகள் எனக்கும் தெரியும். குடிநீர் ஏரி என்பது முதல் மறுப்பு. நியாயமானது. புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் தண்ணீர் எடுக்கும் இடம், மதகு, ஷட்டர் பகுதி எதையும் திறக்க வேண்டாம். ஆனால் அதே ஏரிகளில் மீன் குஞ்சு விட்டு, வலை போட்டு, பரிசலில் போய்ப் பிடித்து விற்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து ஒரு முள்ளைப் போடுகிறவனால் மட்டும் தண்ணீர் கெட்டுவிடும் என்றால் எப்படி? பிளாஸ்டிக் கொண்டுவருவான், குடிப்பான் என்பீர்கள். சீட்டில் பெயரும் எண்ணும் இருந்தால் அபராதம் போட ஆள் கிடைப்பான். இப்போது கிடைப்பதில்லை.

இரண்டாவது, உயிர் ஆபத்து. இதில் உங்களைவிட நான் கடுமையாகவே இருப்பேன். நம் ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. முழங்கால் ஆழம் என்று இறங்கியவன் அடுத்த அடியில் காணாமல் போகிறான். ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஆகவே அனுமதிக்கும் கரையைக் கம்பு நட்டுக் குறித்துவிடுங்கள், தண்ணீரில் இறங்கினால் சீட்டு ரத்து என்று எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உபரி நீர் திறக்கும் காலத்தில் முழுவதுமாக மூடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

அந்த மூடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில்தான் விரால் குஞ்சு பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளித்துக்கொண்டு நகரும், தாயும் தந்தையும் அடியிலேயே காவல் வரும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால் காவல் மீன் பசிக்காமலே பாய்ந்து கடிக்கும். இதைத் திறமை என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். பெற்றவை போனால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் தின்றுவிடும். கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வைத்துக் கண்டிப்பாக நடத்துகிறீர்கள். ஏரி விராலுக்கும் அப்படி ஒன்று வேண்டும். தூண்டில்காரனுக்கு மட்டும் வைத்தால்கூடச் சரி, வலைக்காரருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஏரியை நம்பிப் பிழைக்கும் மீனவர் பிழைப்பில் பொழுதுபோக்குக்காரன் கை வைக்கலாமா? கூடாது. அதனால்தான் இலவசமாகக் கேட்கவில்லை. சீட்டுப் பணத்தில் பெரும் பங்கு அந்த ஏரியின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகட்டும். சீட்டைக் கொடுப்பதும் அவர்களே என்றால் இன்னும் நல்லது. ஒருவருக்கு இரண்டு தூண்டில், வளர்ப்பு மீனான கெண்டை வகைகளில் இத்தனைதான் எடுத்துப் போகலாம், அதற்கு மேல் வேண்டுமானால் சங்கத்தில் எடைபோட்டுப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று வையுங்கள். சனி, ஞாயிறில் கரைக்கு வரும் குடும்பங்கள் தேநீரும் பொரித்த மீனும் வாங்காமல் போவதில்லை. செம்பரம்பாக்கம் சாலையோரத்தில் ஏரி மீன் விற்கும் பெண்களைக் கேட்டால் கூட்டத்தின் மதிப்பை அவர்கள் சொல்வார்கள்.

உங்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. சீட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டங்கள் அச்சிடுங்கள்: என்ன மீன், என்ன நீளம், எந்தக் கரை, எடுத்துப் போனதா விட்டதா. திரும்பிப் போகும்போது பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும். சென்னை ஏரிகளில் இன்று இங்கே இருக்கவே கூடாத மீன்களும் இருக்கின்றன. மீன்தொட்டிக்காக வாங்கி, பெரிதானதும் ஏரியில் கொட்டிய டேங்க் கிளீனர் மீன் வலையைக் கிழிக்கிறது. மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்ததை எல்லாம் தின்று கொழுக்கிறது. இவை எந்த ஏரியில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று தெரிய நீங்கள் ஆய்வுக் குழு அனுப்பலாம். அதைவிட மலிவாக, வாரந்தோறும் அதே கரையில் உட்காருகிற எங்களைக் கேட்கலாம். இந்த இரண்டையும் பிடித்தவன் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது என்பதைச் சீட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். பலருக்கு அது தெரியாது. உயிரைக் கொல்வானேன் என்று புண்ணியமாக விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பட்டியலில் நான் சேர்க்கச் சொல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வேண்டாம். வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள் பக்கமே வேண்டாம். அறுந்து போன தூண்டில் நரம்பு ஒரு கூழைக்கடாவின் இறக்கையில் சுற்றினால் அது அடுத்த ஆண்டு வராது. கழிவுநீர் கலக்கும் நகர ஏரிகளுக்கு "பிடிக்கலாம், சாப்பிடக் கூடாது" என்று தனிப் பிரிவு வையுங்கள். தண்ணீரைச் சோதித்து அப்படி எழுதினால் அந்த ஏரியைப் பற்றிய உண்மையும் கூடவே வெளியே வந்துவிடும் என்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். இருந்தாலும் எழுதுங்கள்.

தொடங்குவதற்கு நிறைய ஏரிகள் தேவையில்லை. பூண்டியில் ஒரு கரை, செம்பரம்பாக்கத்தில் ஒரு கரை, 2020இல் திறந்த தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தில் ஒரு கரை. நீர்வளத்துறையோடு ஒரு கூட்டம், சங்கங்களோடு ஒரு கூட்டம். அடுத்து வரும் குத்தகை ஒப்பந்தங்களில் "குறிக்கப்பட்ட கரையில் நாள் சீட்டு பெற்றவர் தூண்டில் போட குத்தகைதாரர் அனுமதிக்க வேண்டும்" என்று ஒரு பிரிவு. புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

சித்தப்பா மகனிடம் பொங்கலுக்கு வா, தூண்டிலை ஊரிலேயே வைத்துவிட்டு வா என்றுதான் சொல்ல முடிந்தது. கோடை விடுமுறையில் கொடைக்கானல் போகலாமா என்று கேட்டிருக்கிறான். அடுத்த தை மாதத்துக்குள் உங்களிடம் இருந்து ஒரு பதில் வந்தால் அவனுக்கு அதை அப்படியே அனுப்பி வைப்பேன். முடியாது என்பதுதான் பதில் என்றாலும், எந்த விதிப்படி முடியாது என்று எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூரில் இருந்து ஒரு தூண்டில்காரன்