அறுபதுக்கு மேல் மூன்று

அன்புள்ள சேகர்,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டித் தீர்த்துவிடு, வாங்கிக்கொள்கிறேன். பேத்தி பிறந்ததில் ரொம்ப சந்தோஷம். உன் மூக்கு வராமல் இருக்கட்டும்.

என் மைட்ரல் வால்வு, அதான் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு, அதன் கதை உனக்குத் தெரியும். கசிவு பெரியதுதான், தொந்தரவு ஒன்றும் இல்லை என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை டாக்டர் என்னை விட்டுவிட்டு சுமதியிடம் கேட்டார். "முன்னெல்லாம் வேகமாகப் போய்விட்டு, நான் வரும்வரை சலித்துக்கொண்டு நிற்பார். இப்போது கூடவே நடக்கிறார். வயசானதும் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. வேகம் குறைந்ததே அறிகுறியாக இருக்கலாம், சைக்கிள் மிதிக்கவைத்து எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) பார்த்துவிடலாம் என்றார்.

சாய்வான கட்டில், கால்மாட்டில் பெடல். இடப்பக்கம் சரித்துவிட்டு, ஜெல் தடவிய கருவியை விலா இடுக்கில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெடல் கனக்கிறது. சும்மா இருக்கும்போது நுரையீரல் தமனியில் அழுத்தம் 34 (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்). மிதித்து முடிக்கையில் 63. பின்னோக்கிக் கசியும் ரத்தத்தை இடது மேலறை ஓய்வில் சமாளித்துவிடுகிறதாம். உழைக்கும்போது முடியாமல், அழுத்தம் நுரையீரல்வரை ஏறிவிடுகிறது.

இப்போது கணக்கு வாத்தியாருக்கு வேலை. அந்த 63-ஐ யாரும் நேராக அளக்கவில்லை. வலது பக்க வால்வில் பெரும்பாலானோருக்கு இருக்கிற சின்னக் கசிவின் வேகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு நொடிக்கு 3.8 மீட்டர். வர்க்கப்படுத்தி நாலால் பெருக்கி, வலது மேலறைக்கு ஓர் 5 சேர்த்தால் 63. சரி, 3.7 என்று படித்திருந்தால்? போட்டுப் பார், 60 வரும். மூச்சிரைக்கிற மார்பில் 0.1 தவறுவது பெரிய விஷயமா?

ஆனாலும் லேசாக விட முடியவில்லை. 2010-இல் பெல்ஜியத்தில், என்னைப் போல அறிகுறி இல்லாத 78 பேரை மிதிக்கவைத்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் 60-ஐத் தாண்டினார்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் 35 சதவீதம் பேர்தான் அறிகுறி இல்லாமல் இருந்தார்கள், தாண்டாதவர்களில் 75. அதனால் 2012-இல் ஐரோப்பிய வழிகாட்டுதல், 60-ஐத் தொட்டால் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்றது. 2017-இல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்! நல்ல இதயம் உள்ள முதியவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும்கூட 60 தாண்டுமாம். அளவுகோலை மாற்றிக்கொண்டே இருந்தால் நோயாளி எதைப் பிடித்துக்கொள்வது?

நல்லா நடமாடுகிறவன் நெஞ்சைத் திறக்கச் சம்மதிப்பானா, சொல்லு. ராத்திரியில் இதுதான் ஓடுகிறது. காத்திருந்து இடது கீழறை தளர்ந்தபின் வால்வைச் சரிசெய்தால், தளர்ந்தது முழுசாகத் திரும்பாமலும் போகலாம். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. 63-ஐவிட சுமதி சொன்னதைத்தான் டாக்டரும் அதிகம் நம்புகிறார் என்று தோன்றுகிறது.

அடுத்த மாதம் சர்ஜனைப் பார்க்கிறேன். ரிப்போர்ட் நகல் வைத்திருக்கிறேன். கேட்க வேண்டியதையெல்லாம் எழுதி அனுப்பு. முடிந்தால் நீயே கூட வா.

உன்,
ரவி