மாமியார் 'சும்மா' இருக்கிறாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வீட்டுக்குத் தொழிலாளர் கணக்கெடுப்புக்காக ஒருவர் டேப்லெட்டோடு வந்தார். பனியன் கம்பெனியிலிருந்து பிசிறு வெட்ட வாங்கி வந்த பண்டலைத் திண்ணையில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "வீட்டம்மா என்ன வேலை செய்யறாங்க?" என்று மாமனாரைக் கேட்டார். "அவ சும்மா வூட்லதானுங்க இருக்கறா." வீட்டு வேலை என்று பதிந்துகொண்டார்.

அந்த நேரம் மாமியார் கட்டுத்தரையில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கறவை மாடு எங்களுக்கு. விடிகாலை ஐந்தரைக்குள் கறந்து பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவார், சாயங்காலம் மறுபடியும். மளிகைச் செலவு அந்தப் பால் காசில்தான் ஓடுகிறது. பாஸ்புக் மட்டும் மாமனார் பேரில்.

கோவையில் பொருளியல் படிக்கும் என் மகள் விதியை எடுத்துச் சொன்னாள். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வேலை செய்பவர்களையும், வேலை கிடைக்காமல் தேடுபவர்களையும் கூட்டினால் வருவதுதான் நாட்டின் தொழிலாளர் சக்தி. குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உழைப்பவரும் வேலை செய்பவர்தான். வாரக் கணக்குப்படி 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். அப்படியென்றால் மாமியார் ஒரே நாளில் தேறிவிடுகிறார். ஒரு வாய்ச்சொல்லில் கணக்குக்கு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கே நான் எழுந்து, மாமியார் மாடு கறந்து பால் ஊற்றுவதை வந்தவரிடம் சொன்னேன். "பதிஞ்சாச்சுங்கம்மா" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. எல்லா வீட்டுக்கும் போகாமல் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு இது. எங்கள் வீட்டில் விழும் ஒரு பதில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்காக நிற்கிறது.

இந்திய அளவில் ஆண்டுக் கணக்குப்படி பெண்களின் பங்கேற்பு விகிதம், அதாவது அந்த வயதுப் பெண்களில் தொழிலாளர் சக்திக்குள் இருப்பவர்களின் பங்கு, 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். இவ்வளவு பேரும் புதிதாக வேலைக்குப் போனவர்களா, காலமெல்லாம் செய்துவந்த வேலை இப்போதுதான் ஏட்டில் ஏறியதா? இரண்டும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வேலையின்மை விகிதமும் இந்தத் தொழிலாளர் சக்திக்குள் எடுப்பதுதான். டிப்ளமோ முடித்த பையன் தேடித் தேடி அலுத்து, இனி வேலையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டால், வேலையில்லாதவர் பட்டியலிலும் அவன் இல்லை. விகிதம் குறையும், அவன் வீட்டில் அடுப்பு அப்படியேதான் இருக்கும்.

மாதாமாதம் அந்த விகிதத்தை வெளியிடும் தாங்கள், அது எந்தக் கேள்விகளிலிருந்து வருகிறது என்பதையும் ஒருமுறை விரிவாக வெளியிட வேண்டும். கணக்கெடுக்க வருபவர்கள் வேலை செய்யும் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்கட்டும். "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் என் மாமியாரே இல்லை என்றுதான் சொல்வார். "பால் யாருங்க கறக்கறது, சொசைட்டிக்கு யாருங்க கொண்டு போறது?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.